காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள், அண்ணாச்சி

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் வட்டாரப் பட்டாசு ஆலைகளில் போர்மேனாகவும் சூப்பர்வைசராகவும் வேலை பார்க்கும் அண்ணாச்சிமார்களுக்கும் அக்கா தங்கச்சிமார்களுக்கும்,



உங்கள் ஆலையில் ஒவ்வொரு அறையின் வாசலிலும் ஒரு பலகை இருக்கிறது. உள்ளே எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம் என்று அதில் எழுதியிருக்கும். ஏன் அத்தனை பேர், ஏன் அவ்வளவு மருந்து என்று எழுதியிருக்காது. காலையில் வேலைக்கு வருகிறவர்களிடம் நீங்களும் எண்ணை மட்டும்தான் சொல்கிறீர்கள். காரணத்தை உங்களுக்கும் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை என்பது எனக்குத் தெரியும்.

நான் இந்த மாவட்டத்துப் பள்ளிகளில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். உங்களில் சிலர் என் வகுப்பில் உட்கார்ந்து போனவர்கள். வெப்பம் என்றொரு பாடம் இருந்தது, ஞாபகம் இருக்கும். அதில் நீராவி எஞ்சின் உண்டு, பிரிட்ஜ் உண்டு, பட்டாசு கிடையாது. நாட்டின் பட்டாசில் பெரும்பகுதியைச் செய்கிற மண்ணில் பிறந்த பிள்ளைகளுக்கு, வெப்பம் என்பது வேறு எங்கோ நடக்கிற சங்கதி என்றுதான் அந்தப் பாடம் சொல்லிக்கொடுத்தது. அப்படி இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்த மடல். அதற்கு முதலில் உங்கள் ஊர்க்காரர் ஒருவரை அறிமுகம் செய்ய வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், சதுரகிரிக்குப் போகிற வழியில் இருக்கும் வத்திராயிருப்பு உங்களுக்குத் தெரியாத ஊர் அல்ல. அங்கிருந்து தினமும் வேன் ஏறிப் பட்டாசு வேலைக்கு வருகிறவர்கள் உங்கள் வருகைப் பதிவேட்டிலேயே இருக்கலாம். 1898 டிசம்பர் 4ஆம் தேதி அந்த ஊரில் பிறந்தவர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். சுருக்கமாக கே.எஸ்.கிருஷ்ணன். அப்பா விவசாயி, படித்தவர். மகன் ஊரிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பள்ளிப் படிப்பை முடித்து, மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி என்று போய், 1920இல் கல்கத்தாவுக்கு ரயிலேறினார். சி.வி.ராமன் அங்கே இருந்தார் என்பதுதான் காரணம். 1923 முதல் அவரிடமே ஆராய்ச்சி உதவியாளர்.

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 28ஆம் தேதி பள்ளிகளில் தேசிய அறிவியல் நாள் கொண்டாடுகிறார்கள். 1928இல் அன்றைக்குத்தான் ராமன் விளைவு உறுதியானது. அந்தப் பரிசோதனைகளில் ராமனோடு நின்று கண்ணால் பார்த்துக் குறிப்பெழுதியவர் கிருஷ்ணன். ‘நேச்சர்’ இதழில் 1928 மார்ச் 31ஆம் தேதி வெளியான முதல் குறிப்பில் இரண்டு பேருடைய பெயரும் இருக்கிறது. நோபல் பரிசு 1930இல் ராமனுக்கு மட்டும் வந்தது. அந்த வழக்கை இங்கே இழுக்கவில்லை. அந்தப் பரிசோதனையில் ஒரு சின்ன விஷயம் மட்டும் உங்களுக்கு வேண்டும். அறுபது வகைத் திரவங்களுக்குள் ஒளியைச் செலுத்திப் பார்த்தார்கள். ஒவ்வொரு திரவத்திலும் தூசி கொஞ்சமும் இருக்கக் கூடாது. இருந்தால் தூசி சிதறடிக்கும் ஒளியில் அவர்கள் தேடிய மங்கலான ஒளி அமிழ்ந்துபோகும். அதனால் வாலை வடித்து, திரும்பவும் வடித்து, சுத்தமானது என்று உறுதியான பிறகுதான் அளந்தார்கள். மருந்தைச் சலிக்கும்போது ஒரு மணல் துகள்கூடத் தங்கக் கூடாது என்று நீங்கள் கத்துவது எதற்காகவோ, அதே கறாரோடு அவர்கள் வேலை செய்தார்கள். அவர்களுக்குத் தூசி விட்டால் கண்டுபிடிப்பு போகும். உங்களுக்கு மணல் விட்டால் ஆள் போகும்.

பிறகு கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகம் போனார், 1933இல் கல்கத்தா திரும்பினார், 1942இல் அலகாபாத் பேராசிரியரானார். படிகங்களை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டு, காந்தப் புலத்தில் அவை எப்படித் திரும்புகின்றன என்று அளந்ததில் அவருக்கு உலகப் புகழ் வந்தது. 1940இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. காந்தத்துக்கும் வெப்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கிருஷ்ணன் அளந்துகொண்டிருந்த காந்த உப்புகளின் இனத்தைச் சேர்ந்த ஒரு உப்பை வைத்துத்தான், 1933இல் அமெரிக்காவில் வில்லியம் ஜியோக் ஒரு கெல்வினுக்கும் கீழே, தனிப் பூஜ்யத்தின் வாசல் வரை குளிரவைத்துக் காட்டினார். காந்தத்தை வைத்துக் குளிரை உண்டாக்க முடியும் என்று அந்தக் காலம் தெரிந்துகொண்டது.

நாடு விடுதலையானதும் டில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் எழும்பியது. அடிக்கல் விடுதலைக்கு முன்பே, 1947 ஜனவரியில், நேரு நாட்டியது. திறந்து வைத்தவர் சர்தார் படேல், 1950 ஜனவரி 21. அதன் முதல் இயக்குநர் வத்திராயிருப்புக்காரர். இந்தியாவில் ஒரு கிலோ என்றால் எவ்வளவு, ஒரு மீட்டர் எவ்வளவு, ஒரு டிகிரி எவ்வளவு என்பதற்கெல்லாம் கடைசி அத்தாட்சி அந்த ஆய்வுக்கூடம்தான். உங்கள் ஆலையில் முறையாகச் சரிபார்த்த தராசும் தெர்மாமீட்டரும் இருந்தால், அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி டில்லியில் அங்கே போய்த்தான் நிற்கும்.

அங்கே இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் கிருஷ்ணன் வெப்பத்தைக் கையில் எடுத்தார். எஸ்.சி.ஜெயின் என்ற இளம் ஆய்வாளரோடு சேர்ந்து அவர் எடுத்துக்கொண்ட கேள்வி, கேட்டால் சின்னப் பிள்ளைக் கேள்வி போல இருக்கும். காற்றில்லாத குழாய்க்குள் ஒரு மெல்லிய கம்பியை வைத்து மின்சாரம் பாய்ச்சிச் சூடாக்கினால், கம்பி நெடுகிலும் சூடு ஒரே மாதிரி இருக்குமா? இருக்காது. நடுவில் செக்கச்சிவந்து இருக்கும். இரண்டு முனைகளிலும் பிடித்திருக்கும் கவ்வி குளிர்ச்சியாக இருப்பதால் சூடு அந்தப் பக்கம் ஓடி இறங்கும். பக்கவாட்டில் ஒளியாகவும் வெப்பக் கதிராகவும் போகும். எவ்வளவு தூரத்தில் எவ்வளவு இறங்கும் என்று கணக்குப் போட்டு, 1954இல் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார்கள். அந்தச் சரிவை அளந்தால், சாதாரணமாக அளக்க முடியாத உயர்ந்த வெப்பநிலையில் ஒரு உலோகம் எவ்வளவு வெப்பம் கடத்துகிறது என்று சொல்லிவிடலாம்.

கம்பி மத்தாப்பைக் கையில் பிடித்திருக்கும் குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். எரிகிற பாகம் ஆயிரம் டிகிரி தொடும். ஒரு சாண் தள்ளிப் பிடித்திருக்கும் விரல் சுடுவதில்லை. மருந்து பூசாமல் கைப்பிடிக்கு விட்டிருக்கும் அந்த வெறும் கம்பியின் நீளம்தான் குழந்தையின் விரலைக் காப்பாற்றுகிறது. அங்கே இரும்புக்குப் பதில் செம்புக் கம்பி இருந்தால் வெப்பம் ஏறத்தாழ ஐந்து மடங்கு கடத்தும், கதை வேறு. கிருஷ்ணன் மத்தாப்பை ஆராயவில்லை. ஆனால் அவர் வெற்றிடக் குழாய்க்குள் வைத்துக் கேட்ட கேள்வியும், ஒரு தலைமுறையாக நீங்கள் கைப்பிடிக்கு எவ்வளவு கம்பி விட வேண்டும் என்று அனுபவத்தில் கண்டுகொண்டதும் ஒரே கேள்வியின் இரண்டு முனைகள். வெப்பம் எங்கே உண்டாகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது, வெளியேற வழியில்லாவிட்டால் என்ன ஆகும்?

அவரும் ஜெயினும் செய்த இன்னொரு வேலையையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கிராஃபைட்டில் உட்புறம் குடைந்த ஒரு சின்ன அறை. அதில் ஊசித்துளை மாதிரி ஒரே ஒரு துவாரம். வெற்றிடத்தில் வைத்து வெள்ளையாக ஒளிரும் வரை சூடாக்கினால், சுவரிலிருந்து எலக்ட்ரான்கள் ஆவி போலக் கிளம்பி அந்த அறையை நிரப்பும். துவாரம் வழியாக எத்தனை வெளியே வருகின்றன என்று மின்னோட்டமாக அளந்தால், ஒரு பொருளிலிருந்து எலக்ட்ரானைக் கிளப்ப எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று தெரிந்துவிடும். வெளிப்பரப்பில் சொரசொரப்பு இருக்கிறதா, அழுக்கு இருக்கிறதா என்ற தொந்தரவே இல்லை. அறைக்குள் எல்லாம் சமநிலைக்கு வந்துவிடுவதால் துவாரம் பொய் சொல்லாது. வெப்ப இயக்கவியலை இவ்வளவு எளிமையாகக் கையாண்டவர்கள் உலகத்திலேயே குறைவு. 1954இல் பத்மபூஷண், 1958இல் பட்நாகர் விருது வழங்கத் தொடங்கியபோது முதல் விருது, எல்லாம் அவருக்கு வந்தன. 1961 ஜூனில் காலமானார்.

இனி உங்கள் அறைக்கு வருகிறேன்.

இரும்புக் கரண்டி, இரும்புச் சட்டி உள்ளே வரக் கூடாது, மருந்தைத் தேய்க்கக் கூடாது, தரையில் இழுக்கக் கூடாது என்று சொல்கிறீர்கள். காரணம் கேட்டால் ‘உராய்வு’ என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறோம். உராய்வில் எவ்வளவு வெப்பம் வரும் என்று முதன்முதலில் உலகத்துக்குக் காட்டியவர் பெஞ்சமின் தாம்சன் என்ற ரம்ஃபோர்டு பிரபு. பொறியாளர், ராணுவத்துக்காரர், வெடிமருந்தையும் ஆராய்ந்தவர். ஜெர்மனியின் மியூனிக் ஆயுதச் சாலையில் பித்தளைப் பீரங்கிக்குத் துளை போடும்போது உலோகம் மிகவும் சூடாவதைப் பார்த்தார். வேண்டுமென்றே மழுங்கிய துளைக்கருவியைப் போட்டு, பீரங்கி உலோகத்தைத் தண்ணீரில் அமிழ்த்தி, குதிரைகளை வைத்துச் சுழற்றினார். இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் கொதித்தது. நெருப்பே இல்லாமல் தண்ணீர் கொதித்ததைக் கூடியிருந்தவர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். 1798இல் ராயல் சொசைட்டியில் இதை வாசித்தார். தேய்க்கிற வரை சூடு வந்துகொண்டே இருக்கும், அது தீர்ந்துபோகிற சரக்கு அல்ல என்பதுதான் அவர் சொன்ன முடிவு.

பீரங்கியில் அந்தச் சூடு பெரிய உலோகத்துக்குள் பரவிவிடுகிறது. உங்கள் சல்லடையில் ஒரு மணல் துகள் இரண்டு உப்புத் துகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால், உராய்வின் சூடு முழுவதும் ஊசிமுனை அளவு இடத்தில் குவிகிறது. பரவ நேரமில்லை. அந்த ஒரு புள்ளி பற்ற வைக்கும் சூட்டைத் தொட்டால் போதும். குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்த்துக் கலப்பதை 1992இல் மத்திய அரசு தடை செய்தது இந்தப் புள்ளிக்கணக்கால்தான். அந்தக் கலவைக்கு அந்தச் சின்னஞ்சிறு சூடே அதிகம். தீக்குச்சித் தலைக்கும் ரோல் கேப்புக்கும் விலக்கு உண்டு, அளவு துளி என்பதால். நைலான் சேலை கட்டி வராதே, பருத்தி கட்டு, உள்ளே நுழையும் முன் தரையோடு இணைத்த செம்புத் தகட்டைத் தொடு என்பதற்கும் காரணம் இதேதான். வறண்ட காற்றில் உடம்பில் நிலைமின்சாரம் இரண்டாயிரம் வோல்ட் ஏறியிருந்தாலும், அதன் பொறி நமக்கு உறைக்காது. மருந்துக்கு உறைக்கும்.

அடுத்தது பலகையில் எழுதியிருக்கும் அளவு. இதை விளங்கிக்கொள்ள ஒரு ரஷ்யரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. ராமனும் கிருஷ்ணனும் கல்கத்தாவில் திரவங்களைச் சுத்தம் செய்துகொண்டிருந்த அதே 1928இல், லெனின்கிராடில் நிக்கோலாய் செமியோனவ் என்பவர் ஒரு பொருள் தானாக எப்படி வெடிக்கிறது என்று எழுதினார். பின்னாளில், 1956இல், அவருக்கு வேதியியல் நோபல் வந்தது. அவர் சொன்னது சில வரிகளில் அடங்கும். கலந்த மருந்துக்குள் எப்போதும் கொஞ்சம் வேதிவினை நடந்துகொண்டே இருக்கிறது, அதிலிருந்து கொஞ்சம் சூடு வந்துகொண்டே இருக்கிறது. வருகிற சூடு அந்தந்த நேரமே வெளியேறிவிட்டால் ஒன்றும் ஆகாது. வெளியேறுவதைவிட வேகமாக வந்தால் மருந்து இன்னும் சூடாகும், சூடானால் வினை இன்னும் வேகமாகும். பொதுவாகப் பத்து டிகிரி ஏறினால் வினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். அதற்குப் பிறகு நிறுத்த ஆளில்லை.

இப்போது குவியலைப் பாருங்கள். சூடு உண்டாவது குவியல் முழுவதிலும். சூடு வெளியேறுவது மேற்பரப்பு வழியாக மட்டும். குவியலின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரண்டு மடங்காக்கினால், மருந்து எட்டு மடங்காகிறது. மேற்பரப்பு நான்கு மடங்குதான் ஆகிறது. சூடு எட்டு மடங்கு பிறக்கிறது, வெளியேறும் வாசல் நான்கு மடங்குதான் திறந்திருக்கிறது. நடுவில் இருப்பது தப்பிக்க வழியில்லாமல் கொதிக்கும். ஃபிராங்க் காமெனெட்ஸ்கி என்ற இன்னொரு ரஷ்யர் 1939இல் இதற்குக் கணக்கே போட்டு, ஒவ்வொரு கலவைக்கும் ஒவ்வொரு வெப்பநிலைக்கும் ஒரு எல்லை அளவு உண்டு என்று காட்டினார். பலகையில் இருக்கும் மருந்து அளவை மீறக் கூடாது என்பதற்கு இந்தக் கணக்கு ஒரு காரணம், பற்றினால் சேதம் ஓர் அறையோடு நிற்க வேண்டும் என்ற கணக்கு இன்னொரு காரணம்.

“இருபது வருஷமா இப்படித்தான் கலக்குறோம், ஒண்ணும் ஆகலையே” என்று மூத்தவர்கள் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள், ஒருவேளை சொல்லியும் இருப்பீர்கள். செமியோனவின் கணக்கில் அதற்கும் பதில் இருக்கிறது. எல்லைக்குக் கீழே இருக்கிற வரை குவியல் லேசாக வெதுவெதுப்பாகி அப்படியே நின்றுவிடும். எல்லையைத் தாண்டினால் நிற்காது. இரண்டுக்கும் நடுவில் ஒரு எச்சரிக்கைப் படி கிடையாது. இருபது வருஷம் எல்லைக்கு ஒரு அங்குலம் கீழே நின்றவருக்கும், ஒரு கஜம் கீழே நின்றவருக்கும் அனுபவம் ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால், இந்த விஷயத்தில் அனுபவம் மட்டும் சாட்சி சொல்ல முடியாது. அக்னி நட்சத்திர வெயில், கொஞ்சம் ஈரம், வழக்கத்தைவிடப் பெரிய குவியல் மூன்றும் ஒரே நாளில் சேரும்போது அந்த ஒரு அங்குலம் காணாமல் போய்விடும்.

ஈரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தண்ணீர் நெருப்பை அணைக்கும் என்று பழகிய மனசுக்கு இது ஏறாது. அலுமினியப் பவுடர் ஈரத்தோடு சேர்ந்தால் வினை புரிந்து சூடு தரும், ஹைட்ரஜன் வாயுவும் விடும். பக்கத்தில் நைட்ரேட் உப்பு இருந்தால் வினை இன்னும் சிக்கலாகும். நேற்று மிச்சமான கலவையை மூடி வைத்துவிட்டு, இன்று காலை திறந்து கிளறுவதுதான் இதில் மோசமான பழக்கம். இரவெல்லாம் உள்ளே சூடு சேர்ந்திருக்கும். மூடி இருந்ததால் வெளியேறவும் வழி இருந்திருக்காது. கையால் தொட்டால் மேல்பக்கம் குளிர்ந்துதான் இருக்கும், நடுப்பக்கத்தைக் கை அறியாது. மணி மருந்தை மேடையில் காய வைக்கும்போதும் இதே கணக்குத்தான். மே மாத வெயிலில் கருத்த தளம் அறுபது டிகிரியைத் தாண்டும். மெல்லிசாகப் பரப்பினால் சூடு போய்விடும், ஆள் போதவில்லை என்று குவித்துவிட்டால் போகாது.

சமையல் எண்ணெயில் இருக்கும் ஆற்றலை வெடிமருந்தோடு ஒப்பிட்டால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். ஒரு கிலோ கடலை எண்ணெய் முழுசாக எரிந்தால் சுமார் 37 மெகாஜூல் வெப்பம். ஒரு கிலோ கருமருந்தில் சுமார் 3 மெகாஜூல்தான், பன்னிரண்டில் ஒரு பங்கு. பிறகு ஏன் எண்ணெய்ச் செக்கு வெடிப்பதில்லை? எண்ணெய் எரியக் காற்று வேண்டும், காற்று மெல்ல மெல்லத்தான் வந்து சேரும். மருந்தில் ஆக்சிஜன் உப்புக்குள்ளேயே பக்கத்தில் காத்திருக்கிறது. அதனால் மணலைக் கொட்டிக் காற்றை அடைத்தாலும் மருந்து எரிந்து முடிக்கும். ஆபத்து வெப்பத்தின் அளவில் இல்லை, அது வெளியாகும் வேகத்தில் இருக்கிறது. ‘கொஞ்சூண்டு மருந்துதானே’ என்று சொல்கிறவருக்கு இந்த ஒரு கணக்கைச் சொல்லுங்கள்.

2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அன்று இறந்தவர்களில் அந்த ஆலையில் வேலை பார்க்காதவர்களும் உண்டு. முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவி செய்ய ஓடியவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அடுத்த வெடியில் மாட்டிக்கொண்டார்கள். அறைக்கும் அறைக்கும் இடைவெளி விடச் சொல்வது, தூரம் இரண்டு மடங்கானால் படும் கதிர் வெப்பம் நாலில் ஒன்றாகக் குறையும் என்பதற்காகவும்தான். அந்த இடைவெளியில் மரத்தடியில் உட்கார்த்தி வேலை வாங்கினால், இடைவெளிக்கே அர்த்தம் இல்லை. 2021 பிப்ரவரியில் அச்சன்குளம், அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்ப் பெயர்கள். ஒவ்வொரு முறையும் நிவாரணம் அறிவிப்பார்கள், குழு போடுவார்கள். பேப்பரில் முதலில் வரும் செய்தி மட்டும் மாறுவதில்லை: போர்மேன் கைது.

அதனால்தான் இந்த மடல் முதலாளிகளுக்கு அல்லாமல் உங்களுக்கு வருகிறது. அவர்களுக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. உரிமத்தைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு அறை அறையாக உள்குத்தகைக்கு விடுகிறவருக்கு வெப்ப இயக்கவியல் தேவையில்லை, சட்டம் போதும். தீபாவளிக்கு முன்னால் ஆர்டர் குவியும்போது, பீஸ் ரேட்டில் வேலை செய்கிற பெண்ணுக்கு ஒவ்வொரு நிமிடமும் காசு என்பதும், ‘இன்னைக்கு ஒரு நாள் மட்டும் சேர்த்துக் கலந்திரு’ என்று போன் வருவதும் எனக்குத் தெரியாதது அல்ல. அந்த போனுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். ‘ரூல்ஸ் விடாது’ என்று சொன்னால், ரூல்ஸை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பார்கள். ‘மருந்து எட்டு மடங்கானால் வெப்பம் போகிற வழி நாலு மடங்குதான் ஆகும், பற்றிக்கொள்ளும்’ என்று சொன்னால், அதை யாரும் பார்த்துக்கொள்ள முடியாது.

இப்போது இதைத் தெரிந்துகொள்வது முன்னெப்போதையும்விட அவசரம். பச்சை உப்பு என்று நீங்கள் சொல்லும் பேரியம் நைட்ரேட்டை உச்ச நீதிமன்றம் தடை செய்துவிட்டது. 2018 தீர்ப்புக்குப் பிறகு பசுமைப் பட்டாசு வந்தது. அந்தப் புதிய கலவைகளை உருவாக்கியது சிஎஸ்ஐஆரின் நாக்பூர் நீரி நிறுவனம், அதாவது கிருஷ்ணன் கட்டி வளர்த்த டில்லி ஆய்வுக்கூடம் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததோ அதே குடும்பம். அவற்றில் ‘ஸ்வாஸ்’ என்ற ரகம் எரியும்போது நீராவியை விட்டுத் தூசியை அடக்குகிறது. ‘சஃபல்’ அலுமினியத்தைக் குறைக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் உங்கள் கைப்பழக்கம் பழைய கலவையோடு பழகியது. எவ்வளவு வேகமாகக் கலக்கலாம், எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம், எவ்வளவு ஈரம் தாங்கும் என்று கைக்குத் தெரிந்ததெல்லாம் பழைய மருந்தின் குணம். புதிய மருந்தின் குணம் கைக்குத் தெரிய இருபது வருஷம் ஆகும். காரணம் தெரிந்த மூளைக்கு அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு நாள் போதும்.

கேட்பதற்கு இடம் தொலைவில் இல்லை. சிவகாசி மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரியிலும், சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலும் வெடி மருந்துக் கலவைகளின் வெப்ப குணத்தை ஆராய்ந்து உலக இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். துளி மருந்தை ஒரு சின்னக் கலத்தில் அடைத்து, படிப்படியாகச் சூடேற்றி, எந்த வெப்பநிலையில் அது தானாகவே சூடாகத் தொடங்குகிறது என்று காட்டும் கருவிகள் இருக்கின்றன. அந்த எண்தான் உங்கள் அறையில் தெரிய வேண்டிய எண். ஆங்கிலக் கட்டுரைக்குள் இருக்கும் அதைத் தமிழில் ஒரு தாளாக்கித் தரும்படி கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கிருஷ்ணனே தமிழில் அறிவியல் எழுதியவர், பேசியவர். தமிழில் சொன்னால் தரம் குறையும் என்று யாராவது சொன்னால், ராயல் சொசைட்டி உறுப்பினர் ஒருவரின் பெயரை நீங்கள் சொல்லலாம்.

என் கோரிக்கைகள் மூன்று.

ஒன்று. அடுத்த பாதுகாப்புப் பயிற்சிக்குப் போகும்போது ஒவ்வொரு விதிக்கும் ‘ஏன்’ என்று கேளுங்கள். பதில் சொல்லாத பயிற்சிக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் சங்கத்தின் மூலமும், வெடிபொருள் துறையான பெசோவிடமும், ஒவ்வொரு கலவைக்கும் வெப்ப விவரம் தமிழில் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள்.

இரண்டு. புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளையிடம் விதியைச் சொல்லும்போது காரணத்தையும் ஒரு வாக்கியத்தில் சேர்த்துச் சொல்லுங்கள். ‘மிச்சம் வைக்காதே, உள்ளே சூடு சேரும்.’ ‘குவிக்காதே, நடுவில் வெப்பம் தப்பிக்க வழியில்லை.’ ‘தேய்க்காதே, புள்ளியில் பற்றும்.’ பயந்து கேட்கிற விதியை ஆள் இல்லாதபோது மீறத் தோன்றும். காரணம் தெரிந்த விதியை மீறுவது கடினம்.

மூன்று. உங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் அறிவியல் நாள் வரும்போது நீங்கள் போங்கள். பெற்றோராக மட்டும் போகாதீர்கள், வெப்பத்தோடு தினமும் வேலை செய்கிறவராகப் போங்கள். மத்தாப்புக் கம்பியின் கைப்பிடி ஏன் அவ்வளவு நீளம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அதே கேள்வியை உலகத்தின் முன் கணக்காகப் போட்டவர் வத்திராயிருப்பில் பிறந்தார் என்பதையும் சொல்லுங்கள். அந்த வகுப்பில் ஒரு பிள்ளையாவது நாளைக்கு மருந்து கலக்கும் அறைக்குக் கூலிக்காகப் போகாமல், அந்த அறையைப் பாதுகாப்பாக வடிவமைக்கப் போகட்டும்.

அதுவரை உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன். மருந்து கலக்கும் அறையின் கதவைத் திறக்கும் அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது. உள்ளே போகும் எல்லோருக்கும், எல்லாவற்றுக்கும் இல்லாவிட்டாலும் அன்றைய வேலைக்காவது, காரணம் தெரிந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். தெரியவில்லை என்றால் சொல்லிக்கொடுத்துவிட்டுத் திறங்கள். சொல்லிக்கொடுக்க நேரமில்லாத நாளில் திறக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாவட்டத்துப் பழைய இயற்பியல் வாத்தியார்